இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளுக்கு ஏன் நன்கொடை கேட்கிறார்கள்?

களுவாஞ்சிக்குடியில் கணினி வகுப்பு நடத்துகிறேன். இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளில் வரைந்து பழகும் மாணவர்களும் இதையேதான் கேட்பார்கள்.

பிரதி எடுக்கச் செலவில்லை, சரி. அப்படிப் பிரதி எடுக்கவும் மாற்றவும் நமக்குள்ள உரிமையைக் காப்பதற்குச் செலவுண்டு. இங்க்ஸ்கேப், நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் போன்ற திட்டங்களின் கணக்குவழக்கு, ஒப்பந்தம், சட்ட உதவியைப் பார்ப்பது, 2006இல் அமெரிக்காவில் தொடங்கிய சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி என்ற இலாப நோக்கற்ற அமைப்பு. ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தில் வந்த நிரலைத் தன் கருவிக்குள் வைத்து விற்கும் நிறுவனம், வாங்கியவருக்கு மூலநிரலும் (மனிதர் படித்து மாற்றக்கூடிய வடிவம்) கிடைக்கச் செய்ய வேண்டும். செய்யாவிட்டால்? இந்த அமைப்பினர் முதலில் பேசிப் பார்ப்பார்கள். 2021இல் தொலைக்காட்சிப் பெட்டி விற்கும் விசியோ நிறுவனத்தின் மீது கலிபோர்னியாவில் வழக்கே போட்டார்கள், அதுவும் பெட்டியை வாங்கிய வாடிக்கையாளராக. நிரலை எழுதியவர் மட்டுமல்ல, வாங்கியவரும் கேட்கலாம் என்பதே வாதம். கல்முனைக் கடையில் பெட்டி வாங்குகிறவரையும் மனதில் வைத்துப் பாருங்கள், இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

இந்த அமைப்பு பெரிய நிறுவனங்களின் பணத்தை மட்டுமே நம்பியிருந்தால், அவற்றில் ஒன்றே உரிமத்தை மீறும்போது கை கட்டுப்பட்டுவிடும். அதனால்தான் தனிநபர்களின் சிறு தொகைகள் அவ்வளவு முக்கியம். இங்கிருந்து டொலர் அனுப்புவது நமக்குக் கஷ்டம்தான். முடியாதவர்கள் இத்தகைய மென்பொருள்களின் தமிழாக்கத்தில் கைகொடுங்கள். நாம் செய்யாவிட்டால் அதுவும் காசு கொடுத்துச் செய்விக்க வேண்டிய வேலைதான்.