மடக்கு நாணயத்தில் ரப்பர் அறுந்தால்

கேள்வி: மாய வித்தைக்கு வைத்திருக்கும், மூன்று துண்டாக மடியும் பழைய கென்னடி அரை டாலரில் (அமெரிக்க 50 காசு நாணயம்) ரப்பர் அறுந்துவிட்டது. ஜோடியாகக் காட்டும் சாதா நாணயமும் தொலைந்துவிட்டது. எதை வாங்குவது?
வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: முதலில் ரப்பர். விளிம்புப் பள்ளத்தில் பழசு பிசினாக ஒட்டியிருக்கும், பல்குச்சியால் சுரண்டிவிடுங்கள். இல்லாவிட்டால் புது வளையம் மேடுதட்டி, நாணயம் முழுசாக விரியாது. வளையத்தை முறுக்கு விழாமல் இறக்குங்கள். தடித்தது வேண்டாம், வெளியே எட்டிப் பார்க்கும். நம்மூர்ப் புழுக்கத்தில் ரப்பர் சீக்கிரம் இற்றுவிடும், மடித்தே வைக்காதீர்கள்.

ஜோடிக்கு, உங்கள் மடக்கு நாணயத்தின் விளிம்பைப் பாருங்கள். செம்புக்கோடு பளிச்சென்று தெரிந்தால் 1971 முதல் வந்த ரகம், 11.34 கிராம். 1964 நாணயம் 90 சதவீதம் வெள்ளி, 12.5 கிராம், கோடு இராது, ஓசையும் கணீரென்றிருக்கும். இரண்டையும் கலந்தால் முன்வரிசைக்காரர் காதே காட்டிக்கொடுத்துவிடும்!