தைராய்டு கட்டி, கி-67, ரத்தக்குழாய்கள்: நோயியல் மருத்துவரிடம் கேள்வி பதில்

கேள்வி: அம்மாவுக்குப் பாப்பிலரி வகைத் தைராய்டு புற்று. ரிப்போர்ட்டில் கி-67 3%. பயப்பட வேண்டுமா?

பதில்: கி-67, பிரியும் சுழற்சியில் உள்ள செல்லின் உட்கருவில் தெரியும் புரதம். ஓய்வில் இருக்கும் செல்லில் தெரியாது. நூறு கட்டிச் செல்களில் மூன்று சுழற்சியில் இருக்கின்றன, அவ்வளவுதான். பாப்பிலரியில் வழக்கமாகப் பார்க்கும் அளவு இது. கட்டியின் அளவு, தைராய்டைத் தாண்டியதா, நிணநீர் முடிச்சுகளில் உண்டா, இவற்றை முதலில் பாருங்கள்.

கேள்வி: ஃபாலிக்குலர் கட்டி, கி-67 1%. புற்று இல்லைதானே?

பதில்: அதை வைத்துச் சொல்ல முடியாது. கட்டி உறையைத் துளைத்ததா, ரத்தக்குழாய்க்குள் நுழைந்ததா என்பதே தீர்மானிக்கும். ஊசிப் பரிசோதனையில் அது தெரியாது. கட்டியை எடுத்து உறையைச் சுற்றிலும் பார்த்தாக வேண்டும்.

கேள்வி: குழாய்ச் சுவரைக் காட்டும் சிடி34 சாயத்தில் ரத்தக்குழாய்கள் அதிகம் என்கிறார்கள். பரவிவிட்டதா?

பதில்: இல்லை. கட்டிக்குள் குழாய்கள் நிறைய இருப்பது வேறு, குழாய்க்குள் கட்டி இருப்பது வேறு. ஆபத்தைக் கூட்டுவது இரண்டாவது. நான்கு குழாய்களிலோ அதற்கு மேலோ நுழைந்திருந்தால் விரிவான ஊடுருவல் என்று எழுதுவோம். இது குழாய்தானா என்று சந்தேகம் வரும்போது சிடி34 நிஜமாகவே கைகொடுக்கும்.

கேள்வி: ரத்தக்குழாய் இல்லாமல் கட்டி வளராது என்று அமெரிக்க அறுவை மருத்துவர் ஃபோக்மன் 1971-லேயே எழுதினாரே. அப்படியிருக்க, குழாய்களை எண்ணுவது வீணா?

பதில்: அவர் சொன்னது சரி. கதிரியக்க அயோடினுக்குக் கட்டுப்படாத தைராய்டு புற்றில், குழாய் வளர்ச்சிச் சமிக்ஞையைத் தடுக்கும் லென்வாட்டினிப் என்ற மருந்து, நோய் முற்றாமல் இருந்த காலத்தை 3.6 மாதத்திலிருந்து 18.3 மாதமாக்கியது. ஆனால் எண்ணிக்கை வேறு விஷயம். நல்ல தைராய்டிலேயே ஒவ்வொரு நுண்ணறையையும் தந்துகிகள் சூழ்ந்திருக்கும். சிடி34 பழைய குழாய், புதிய குழாய் இரண்டையும் காட்டும். எந்த இடத்தில் எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தும் எண் மாறும்.

கேள்வி: அப்போ சிடி105 சாயம்?

பதில்: நல்ல கேள்வி. புதிதாக முளைக்கும் குழாய்களை அது கூடுதலாகக் காட்டும். ஆராய்ச்சிக்கு அருமை, சிகிச்சையை அதை வைத்து முடிவு செய்வதில்லை.

கேள்வி: எனக்கு கி-67 2%. / என் கணவருக்கு 6%. / 4% அதிகமா?

பதில்: வகையைச் சொல்லாமல் எண்ணை மட்டும் அனுப்பாதீர்கள், தயவுசெய்து. மெடுல்லரி வகைத் தைராய்டு புற்று என்றால் 5% ஒரு எல்லைக்கோடு: 5% அல்லது அதற்கு மேல், இல்லை 2 சதுர மில்லிமீட்டரில் 5 அல்லது அதற்கு மேல் மைட்டோசிஸ் (பிரிந்துகொண்டிருக்கும் செல்கள்), இல்லை திசு அழிவு, ஏதாவது ஒன்று இருந்தாலே உயர்தரம், அதாவது தீவிரமான வகை. மிக வேகமாக வளரும் அனப்ளாஸ்டிக் வகையில் 30%-ஐத் தாண்டுவது சகஜம். பாப்பிலரிக்கு முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: அயோடின் எவ்வளவு தர வேண்டும்?

பதில்: அணு மருத்துவரைக் கேளுங்கள்.

கேள்வி: நான் மாணவி. ஒரு ஸ்லைடில் கி-67 உட்கருவில் இல்லாமல் செல்லின் விளிம்பில் படிந்திருக்கிறது. சாயம் தவறா?

பதில்: அவசரப்பட்டுத் தூக்கிப் போடாதீர்கள்! கி-67-ஐக் காட்டும் எம்ஐபி-1 எதிர்ப்பொருளை அறை வெப்பத்தில் பயன்படுத்தினீர்களா? அப்படியானால் ஹையலினைசிங் டிரபெக்குலர் கட்டியாக இருக்கலாம்; விளிம்பில் படிவது அதன் அடையாளம். பாப்பிலரி என்று தவறாகப் படிக்கப்படும் கட்டி இது. ஸ்லைடைப் பத்திரமாக வைத்து உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள்.