21 வயதுத் தம்பிக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுப்பது எப்படி?

கேள்வி: என் தம்பிக்கு 21 வயது. தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் படித்தும் சேர்ந்தாற்போல் நான்கு வரி வாசிக்க வரவில்லை. மறுபடியும் அ, ஆ-விலிருந்து ஆரம்பிக்கலாமா?

வேண்டாம். அ, ஆ அவனுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்ததையே திரும்பச் சொல்லிக்கொடுத்தால், சின்னப் பிள்ளை மாதிரி நடத்துகிறார்கள் என்று வருவதையே நிறுத்திவிடுவான். எந்த இடத்தில் இடறுகிறான் என்று முதலில் கண்டுபிடியுங்கள். பாடம் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஊரில் இருக்கிறேன். பழம் வெட்டப் போகும் பையன் ஒருவனுக்குச் சாயங்காலங்களில் வாசிக்கச் சொல்லிக்கொடுத்தேன். அவனும் தமிழ்ப்பள்ளி முடித்து, புகுமுக வகுப்புக்கு (முதல் படிவத்துக்கு முந்தைய ஒரு வருடம்) போய், இரண்டாம் படிவத்தோடு நின்றவன். பேச்சில் படு கெட்டி. அந்தக் கெட்டித்தனம்தான் இத்தனை வருடமும் குறையை மறைத்திருக்கிறது. ஒரு சொல்லின் முதல் எழுத்தைப் பார்ப்பான், மீதியை ஊகித்துச் சொல்லிவிடுவான்.

அதனால் அர்த்தமே இல்லாத சொற்களாக எழுதிக் காட்டினேன்: ணாமி, தெபு, மொடு, லோகி. இதில் ஊகிக்க ஒன்றும் இல்லை. 'ணாமி' சுலபமாக வந்தது. 'மொடு'வில் நின்றான். "மெ... மெடா... மெடு" என்றான். கொம்பை முதலில் பார்க்கிறான், காலைப் பிறகு பார்க்கிறான், இரண்டும் சேர்ந்துதான் 'ஒ' என்பது பிடிபடவில்லை. 247 எழுத்தையும் வரிசையாக ஒப்பிப்பான், வரிசை கலைந்தால் போச்சு. நம் எழுத்தில் எ, ஏ, ஐ, ஒ, ஓ, ஔ ஆறுக்கும் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கும், ஒலியோ பின்னால் வரும். பழகியவர்களுக்கு இது கண்ணிலேயே படாது. தடுமாறுகிறவனுக்குச் சிக்கல் முழுக்க இங்கேதான்.

கொம்பு, மெய், கால் மூன்றையும் சேர்த்து ஒரு வட்டம் போட்டேன். வட்டத்துக்குள் இருப்பதெல்லாம் ஒரே சத்தம், மொத்தமாகப் பார்த்துவிட்டு வாயைத் திற என்றேன். அப்புறம் ஜோடி ஜோடியாகக் கொடுத்தேன்: செல் - சொல், மெட்டு - மொட்டு, தேள் - தோள், கேடு - கோடு. ஜோடியில் ஊகம் எடுபடாது, பார்த்தே ஆக வேண்டும். 'ஔ'வை விட்டுவிட்டேன். அது அபூர்வமாகத்தான் வரும், போதாக்குறைக்கு 'ள' மாதிரியே இருந்து குழப்பும். உங்கள் தம்பி இடறுவது வேறு இடமாக இருக்கலாம், ர-ற, ன-ண-ந என்று. இந்த மாதிரிச் சொற்களைக் கொடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அடுத்து, வாசிக்க என்ன கொடுப்பது? முயல் கதையும் நரிக் கதையும் கொடுக்காதீர்கள், அது அவனை அவமானப்படுத்தும். "இன்னிக்கு வேலை எப்படி தம்பி?" என்று கேட்டு, அவன் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் பையன் சொன்னது இது: "காலையில பெரட்டுக்குப் போனோம். மழ புடிச்சுக்கிச்சு. மண்டோரு வீட்டுக்குப் போங்கன்னுட்டாரு." (பெரட்டு என்றால் காலையில் ஆள் கணக்கெடுப்பது, மண்டோர் என்றால் வேலையை மேற்பார்க்கிறவர்.) அப்படியே எழுதி நீட்டினேன். "இப்படியெல்லாம் எழுதலாமாக்கா?" என்று கேட்டுக்கொண்டே வாசித்து முடித்துவிட்டான். விஷயமும் சொல்லும் அவனுடையது என்பதால் எழுத்தைச் சமாளிப்பது மட்டும்தான் மிச்ச வேலை. கொஞ்சம் ஓட்டம் வந்ததும் கீழே 'மழை பிடித்துக்கொண்டது' என்று எழுத்துத் தமிழிலும் எழுதிக் காட்டுங்கள். நாம் பேசுவது ஒன்று, புத்தகத்தில் இருப்பது இன்னொன்று என்பதை யாரும் அவனுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். தனக்குத்தான் மண்டையில் ஏறவில்லை என்று நம்பிக்கொண்டிருப்பான்.

மலாய் வாசிப்பைத் தமிழ் நிலைத்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே சமயத்தில் திணித்தால் இரண்டும் குழம்பும். மலாய் பேசத் தெரிந்தவனுக்கு ரூமி எழுத்து (மலாயை எழுதும் ரோமன் எழுத்து) சீக்கிரம் வரும், பெரும்பாலும் சொல்கிறபடியே எழுதுகிற மொழி அது. 'எ'கரத்துக்கு இரண்டு சத்தம் உண்டு, 'ங்', 'ஞ்' ஒலிகளுக்கு இரண்டு எழுத்து சேர்ந்து வரும், இதைச் சொல்லிவிட்டால் போதும். எங்கள் பையனுக்கு மோட்டார் லைசென்ஸ் எடுக்க ஆசை. உண்டாங் தேர்வில் (லைசென்ஸுக்கான சாலைச் சட்டத் தேர்வு) 50 கேள்விக்கு 42 சரியாக வர வேண்டும். அதனால் சாலைப் பலகைகளையே பாடமாக்கினோம். கூ-ராங்-கான் லா-ஜு (வேகத்தைக் குறை) என்று அசை பிரித்து வாசித்தால் முழுச் சொல்லும் காதுக்குப் பழகியதாகவே இருக்கும்.

இதற்கெல்லாம் முன்னால் கண்ணைப் பரிசோதித்துவிடுங்கள். அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்). எழுத்து இடம் மாறித் தெரிகிறது, நேற்று வாசித்த சொல் இன்று புதிதாக இருக்கிறது என்று தொடர்ந்து சொன்னால் டிஸ்லெக்சியாவாக (வாசிப்பதில் வரும் ஒரு கற்றல் சிரமம்) இருக்கலாம். நீங்களே முடிவு கட்டாமல் தெரிந்தவர்களிடம் காட்டுங்கள். அது இருந்தாலும் கற்றுக்கொள்ள முடியும், நாள் கூடப் பிடிக்கும், அவ்வளவுதான்.

பாடத்தை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்து ஊரில் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்தால் மறுநாள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். தினம் அரை மணி நேரம் போதும். வேலை முடிந்து வரும் உடம்பு அதற்கு மேல் தாங்காது.

இன்னொன்று. அவன் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு மட்டுமே அனுப்புகிறவனாக இருப்பான். நீங்கள் தினம் ஒரு வரி எழுத்தில் அனுப்புங்கள், 'வரும்போது தேங்காய் வாங்கி வா' என்கிற மாதிரி உண்மையிலேயே தேவைப்படும் வரியாக. அவன் குரலிலேயே பதில் சொல்லட்டும், எழுதச் சொல்லி இப்போது நெருக்க வேண்டாம்.