பாலிசி சுவத்துல தொங்குது, பதவி உயர்வு யாருக்குப் போவுது?

கேள்வி: எனக்க மக இங்கிலாந்துல ஒரு அரசு ஆஸ்பத்திரில நர்ஸா இருக்கா. போய் ஏழு வருஷம் ஆச்சு, இன்னும் பேண்ட் 5ங்கற நர்ஸுக்கான ஆரம்பச் சம்பளப் படிலதான் நிக்கா. அவ வேலை பழக்கிக் குடுத்த வெள்ளைக்காரப் பிள்ளைங்க ரெண்டு பேரு அடுத்த படியான பேண்ட் 6 ஆயாச்சு. மூணு தடவ இன்டர்வியூ போனா, மூணு தடவையும் 'இன்னும் கொஞ்சம் கான்ஃபிடன்ஸ் வரணும்'னு சொல்லி அனுப்பிட்டாங்க. இது இனவெறிதான்னு சொல்லுதா. ஆனா அங்க யாரும் அவள ஒரு கெட்ட வார்த்த சொன்னதில்ல, எல்லாரும் தன்மையாத்தான் பழகுதாங்க, சம வாய்ப்புக் கொள்கைன்னு ஒண்ணு சுவத்துலயே மாட்டிருக்காம், வருஷா வருஷம் அதுக்கு ட்ரெய்னிங்கும் உண்டாம். இவ்வளவு இருந்தும் இனவெறின்னு சொன்னா அது நமக்கு இருக்குற தாழ்வு மனப்பான்மை இல்லையா?
— வாசகர், திங்கள்சந்தை

பதில்: இல்ல அண்ணாச்சி. உங்க மக சொல்லுததுதான் சரின்னு எனக்குப் படுது, நீங்க அவ கூட நிக்கணும்.

யாரும் கெட்ட வார்த்த சொல்லலன்னு சொல்லுதீங்க, அத வச்சுத்தான் நீங்க இனவெறி இல்லன்னு முடிவு பண்ணுதீங்க. ஆனா ஒருத்தர் வாயில வாறது ஒண்ணு, ஒரு நிறுவனம் நடந்துக்கிற விதம் வேற. 1993 ஏப்ரல்ல லண்டன் எல்த்தம்ல பஸ்ஸுக்கு நின்ன ஸ்டீபன் லாரன்ஸ்ங்கற பதினெட்டு வயசு கருப்பினப் பையன ஒரு வெள்ளைக்காரக் கும்பல் குத்திக் கொன்னுச்சு. ரெண்டு பேருக்குத் தண்டனை கிடைச்சது 2012லதான். இடையில, அந்தக் கொலைய போலீஸ் விசாரிச்ச விதத்தப் பத்தி 1999ல வந்த மக்ஃபர்சன் விசாரணை அறிக்கை, லண்டன் போலீஸ்ல நிறுவனத்துக்குள்ளேயே இனவெறி ஊறிப்போய் இருக்குன்னு சொல்லிச்சு. ஒவ்வொரு போலீஸ்காரனும் வெறி பிடிச்சவன்னு அவங்க சொல்லல. தெரியாமலே வச்சிருக்குற முன்முடிவு, அறியாமை, யோசிக்காம செய்யுறது, இன்ன ஆளுன்னா இப்படித்தான் இருப்பான்ங்கற எண்ணம், இதெல்லாம் சேர்ந்து ஒரு சாராருக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்காமப் போனா அதுவும் இனவெறிதான்னு சொன்னாங்க. எழுபது பரிந்துரை குடுத்தாங்க, 2000த்துல இனப் பாகுபாட்டுக்கு எதிரான சட்டத்தத் திருத்துனாங்க, 2010ல சமத்துவச் சட்டம் வந்துச்சு. அப்புறமும் 2023ல கேசி அறிக்கை அதே போலீஸப் பத்தி அதே வார்த்தையத்தான் திரும்பச் சொல்லிச்சு. கொள்கை இருக்குல்லன்னு நீங்க கேக்குததுக்கு இதுதான் பதில், இருபத்தி நாலு வருஷம் கொள்கை இருந்துச்சு.

இப்ப உங்க மக வார்டுக்கு வாங்க. பேண்ட் 6 ஆகுறது இன்டர்வியூல ஆரம்பிக்குறதில்ல, அதுக்கு ரொம்ப முன்னாடியே ஆரம்பிச்சிரும். ஒரு சிஸ்டர் பிரசவ லீவுல போவா, அந்த எடத்துக்கு ஆறு மாசம் ஒரு ஆள் தற்காலிகமா வேணும், அதுக்கு நோட்டீஸ் போட மாட்டாங்க, மேனேஜர் டீ குடிக்கிற எடத்துல தனக்குப் பழக்கமான பிள்ளைட்ட 'நீ பாத்துக்கிறியா'ன்னு கேப்பாங்க. அவ்வளவுதான். ஆறு மாசம் கழிச்சு வேலைக்கு முறைப்படி விளம்பரம் வரும், எல்லாரும் அப்ளை பண்ணலாம், எல்லாருக்கும் ஒரே கேள்விதான் கேப்பாங்க, 'ஒரு வார்டப் பொறுப்பேத்து நடத்துன அனுபவத்தச் சொல்லுங்க'ன்னு. அந்தப் பிள்ளைக்குச் சொல்ல ஆறு மாசக் கதை இருக்கு, உங்க மகளுக்கு இல்ல. பேப்பர்ல பாத்தா ஒரு தப்பும் தெரியாது. அந்தக் 'கான்ஃபிடன்ஸ்'ங்கற வார்த்தையவும் பாருங்க, அத அளக்க என்ன கோல் இருக்கு? நைட் டூட்டில ஒத்தைக்கு நின்னு நோயாளிய காப்பாத்துனது அதுல வராது, அவங்கள மாதிரி குரல ஏத்தி இறக்கிப் பேசுறதுதான் வரும்.

இது என் ஊகம்னு நெனைக்காதீங்க. இங்கிலாந்துல அரசு ஆஸ்பத்திரிகள நடத்துற என்.எச்.எஸ். 2015ல இருந்து ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் வெள்ளைக்காரங்களுக்கும் மத்தவங்களுக்கும் உள்ள வித்தியாசத்தக் கணக்கெடுத்து வெளியிடணும்னு வச்சிருக்கு. ஷார்ட்லிஸ்ட்ல பேர் வந்த பெறகு வேலை கிடைக்கிற வாய்ப்பு வெள்ளைக்காரங்களுக்கு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, பல வருஷமா அந்தக் கணக்கு பெருசா அசையவே இல்ல. அவ்வளவு பேருக்கும் தாழ்வு மனப்பான்மைன்னு சொல்ல முடியுமா?

அதே கணக்குலதான் இன்னொரு சங்கதியும் இருக்கு, எனக்கு அதுதான் ரொம்ப முக்கியமாப் படுது. ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளாகுறதுலயும் 2016ல வெள்ளையரல்லாத ஊழியர்களுக்கு ஒன்றரை மடங்குக்கு மேல வாய்ப்பு இருந்துச்சு. 2020ல அது 1.16க்கு எறங்கிருச்சு. சில எடத்துல என்ன செஞ்சாங்கன்னா, ஒரு ஆள் மேல நடவடிக்கை எடுக்கணும்னு மேனேஜர் நெனச்சா உடனே மெமோ குடுக்க முடியாது, முதல்ல ஒரு கேள்வித்தாள நிரப்பணும், இந்த ஆள் வேணும்னு செஞ்சாரா, இதே எடத்துல வேற ஒருத்தர் இருந்தாலும் இப்படித்தான் நடந்திருக்குமா, பேசித் தீக்க முடியாதான்னு, அதுவும் அந்த வார்டுக்கு வெளிய உள்ள ஒருத்தர் பாத்து சரின்னு சொன்னாத்தான் மேல போகும். முடிவு எடுக்குறதுக்கு முன்னாடி காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் வந்துச்சு, கணக்கு எறங்குச்சு. பதவி உயர்வுல அந்தக் கட்டாயம் வரல, கணக்கு அப்படியே நிக்கு. அதனால கொள்கையே வீண்னு நான் சொல்லல. எண்ணிப் பாக்காத கொள்கை, யாரையும் பதில் சொல்ல வைக்காத கொள்கை, அது பாதிக்கப்பட்டவங்களுக்கு ஒரு உதவியும் செய்யாது, புகார் வந்தா 'எங்ககிட்ட பாலிசி இருக்கே'ன்னு நிறுவனம் தப்பிக்கத்தான் உதவும். வருஷத்துக்கு ஒருக்க கம்ப்யூட்டர்ல கிளிக் பண்ணி முடிக்கிற ட்ரெய்னிங்கும் அப்படித்தான்.

நம்ம நாட்டுக்காரங்களுக்கு இது புரியாம இருக்கவே கூடாது அண்ணாச்சி. நம்ம கன்னியாகுமரி மாவட்டம் 1949 வரைக்கும் திருவிதாங்கூர் சமஸ்தானத்துல இருந்தது. அந்த சமஸ்தானத்துல டாக்டர் பல்பு மெட்ராஸ்ல மருத்துவம் படிச்சு வந்தும் ஈழவர் சாதிங்கறதால வேலை குடுக்கல, மனுஷன் மைசூர்ல போய் வேலை பாத்தாரு. ஈழவருக்கும் அரசு வேலை குடுக்கணும்னு 1896ல 13,176 பேர் கையெழுத்தோட மகாராஜாவுக்கு மனு குடுத்தாரு. தோள்சீலைக்காக, அதாவது மேல் உடம்ப மறைக்கிற உரிமைக்காக, நம்ம பாட்டிமார் அடி வாங்கி, கடைசில 1859ல வந்த உத்தரவும் சாணார் (இப்ப நாடார்னு சொல்லுதோம்) பெண்கள் மேல உடுத்தலாம், ஆனா உயர்ந்த சாதிப் பெண்கள் உடுத்துற மாதிரி உடுத்தக் கூடாதுன்னுதான் சொல்லிச்சு. உரிமையும் குடுத்தாச்சு, ஏத்தத்தாழ்வும் அப்படியே நின்னாச்சு.

இன்னைக்கு என்ன வாழுது? இங்க ஒரு தனியார் பள்ளிக்கூடத்துலயோ ஆஸ்பத்திரிலயோ வேலை காலியானா விளம்பரத்துக்கு முன்னாடியே எந்த சபை, எந்த சமுதாயம், யாருக்க லெட்டர்னு பேச்சு வந்துரும். உள்ள இருக்குறவங்க நல்லவங்கதான், 'தெரிஞ்ச பிள்ளை, பாவம்'னுதான் எடுக்காங்க. வெளிய நிக்குற தலித் பிள்ளைக்கும் பேச்சிப்பாறை மேல இருந்து எறங்கி வாற காணிக்காரப் பழங்குடிப் பிள்ளைக்கும் அந்த லெட்டர் குடுக்க ஆளில்ல. தனியார் வேலைல சாதி பாத்து ஒதுக்குனாங்கன்னு கேள்வி கேக்க நம்ம நாட்டுல இன்னும் முழுசா ஒரு சட்டம் கிடையாது. பிரிட்டன்ல 2010 சமத்துவச் சட்டத்துல சாதியையும் சேர்க்கணும்னு 2013ல பார்லிமென்ட் சொல்லிச்சு, 2018ல அரசாங்கம் வேண்டாம்னு விட்டுருச்சு, எதிர்த்தவங்கள்ல அங்க உள்ள இந்திய அமைப்புகளும் உண்டு. நமக்கு நடந்தா இனவெறி, நாம செஞ்சா ஊர் வழக்கம்னு இருக்க முடியாதுல்ல. எனக்கு இதுல ரொம்ப வருத்தம் உண்டு, அதனாலதான் கேள்விய விட்டு கொஞ்சம் தள்ளி வந்துட்டேன்.

மகளுக்கு வருவோம். இன்டர்வியூல குடுத்த மார்க்கையும் ஏன் எடுக்கலங்கற காரணத்தையும் எழுத்துல கேக்கச் சொல்லுங்க, 'கான்ஃபிடன்ஸ்'னு திரும்ப எழுதுனா எந்த பதில்ல அது கொறஞ்சுதுன்னு கேக்கணும். அவ ஆஸ்பத்திரியோட கணக்கு வெளியாகியிருக்கும், அத எடுத்துப் பாக்கட்டும். யூனியன்ல சேரலன்னா இந்த மாசமே சேரட்டும், வேலைப் பிரச்சினைய விசாரிக்கிற ட்ரிபியூனலுக்குப் போறதுக்குக் காலக்கெடு கொஞ்ச மாசம்தான், காத்திருந்தா போயிரும். விசாவ நெனச்சுப் பயந்து பேசாம இருக்குற பிள்ளைங்க நெறய பேரு உண்டு, அவ ஒத்தைக்குப் போக வேண்டாம், அதே வார்டுல கேரளாக்காரப் பிள்ளையும் பிலிப்பைன்ஸ் பிள்ளையும் இருப்பாங்க, அவங்களையும் சேர்த்துக்கிட்டுக் கேக்கட்டும். அடுத்து போன் பண்ணும்போது 'நீ இன்னும் கொஞ்சம் தைரியமாப் பேசிருக்கலாம்ல'ன்னு மட்டும் சொல்லிராதீங்க அண்ணாச்சி, அதத்தான் அவ அங்க மூணு தடவ கேட்டுட்டா. எந்தத் தேதில யாருக்கு அந்தத் தற்காலிகப் பொறுப்பக் குடுத்தாங்கன்னு ஒரு நோட்டுல எழுதி வச்சிருக்கியா மக்கான்னு கேளுங்க.