லேஅவுட் மாற்றினால் சில ஸ்லைடுகள் மட்டும் அசையவில்லையே? – கேள்வி பதில்

கேள்வி: பவர்பாயிண்டில் 40 ஸ்லைடு செய்து முடித்துவிட்டேன். லேஅவுட்டை மாற்றினால் சில ஸ்லைடுகள் மாறுகின்றன, சில அப்படியே நிற்கின்றன. ஏன்?

நிற்கிற ஸ்லைடு ஒன்றைத் திறந்து, வியூ டேபில் அவுட்லைன் வியூவுக்குப் போங்கள். அந்த ஸ்லைடில் உள்ள எழுத்து இடப்பக்கம் வருகிறதா? வராது என்றுதான் நினைக்கிறேன். அதை நீங்கள் டெக்ஸ்ட் பாக்ஸில் தட்டியிருப்பீர்கள்.

லேஅவுட் என்பது ஸ்லைடில் எது எங்கே இருக்க வேண்டும் என்று சொல்லும் அமைப்பு. அதோடு வரும் பெட்டிக்குப் பிளேஸ்ஹோல்டர் என்று பெயர். லேஅவுட் சொன்னால் கேட்பது அது மட்டும்தான். இன்செர்ட் போய் நாமே வரைகிற டெக்ஸ்ட் பாக்ஸ் யார் பேச்சையும் கேட்காது, வைத்த இடத்திலேயே கிடக்கும். எனவே முதலில் பொருத்தமான லேஅவுட்டைக் கொடுங்கள். அப்புறம் எழுத்தை வெட்டி, காலியாக இருக்கும் பிளேஸ்ஹோல்டருக்குள் ஒட்டுங்கள். ஒட்டும்போது 'கீப் டெக்ஸ்ட் ஒன்லி' என்பதைத் தேர்ந்தெடுத்தால் பழைய அலங்காரம் கூடவே வராது. கைவேலைதான், ஆனால் ஒரு முறை செய்தால் போதும்.

கேள்வி: ஸ்லைடு மாறும்போது தலைப்பு மேலும் கீழும் குதிக்கிறது.

எங்கோ கை பட்டு நகர்ந்திருக்கும். அந்த ஸ்லைடுகளைத் தேர்ந்தெடுத்து, ஹோம் டேபில் ரீசெட் அழுத்துங்கள். பிளேஸ்ஹோல்டர்கள் லேஅவுட்டில் உள்ள இடத்துக்கே திரும்பிவிடும். நீங்கள் வேண்டுமென்றே மாற்றிய எழுத்தளவும் சேர்ந்தே போகும், ஜாக்கிரதை. நான் ஒருமுறை எல்லா ஸ்லைடையும் தேர்ந்தெடுத்து ரீசெட் கொடுத்துவிட்டு, பதறிப்போய் கன்ட்ரோல் இசட்டைத் தேடியிருக்கிறேன்.

கேள்வி: லோகோவை ஸ்லைடு மாஸ்டரில்தான் வைத்தேன். ஆனாலும் ஒரு சில ஸ்லைடுகளில்தான் தெரிகிறது.

முக்கால்வாசிப் பேர் இங்கேதான் சறுக்குகிறார்கள். ஒரு ஸ்லைடில் நின்றபடி ஸ்லைடு மாஸ்டரைத் திறந்தால், அந்த ஸ்லைடின் லேஅவுட்தான் உங்கள் முன் விரியும். நீங்கள் அதையே மாஸ்டர் என்று நினைத்து ஒட்டியிருக்கிறீர்கள். இடப்பக்கப் பட்டியலை மேலே உருட்டுங்கள். உச்சியில் மற்றவற்றைவிடப் பெரிதாக ஒன்று இருக்கும், அதுதான் மாஸ்டர், எல்லா லேஅவுட்டுக்கும் தாய். அதன் கீழே சிறிதாகத் தொங்குபவை லேஅவுட்கள். பவர்பாயிண்டின் வழக்கமான ஆபிஸ் தீமில் 11 இருக்கும். லோகோவை உச்சியில் வைத்தால் எல்லாவற்றிலும் வரும். முகப்பு ஸ்லைடில் மட்டும் வேண்டாமென்றால், அதன் லேஅவுட்டைச் சொடுக்கி 'ஹைடு பேக்கிரவுண்ட் கிராஃபிக்ஸ்' என்பதை டிக் செய்யுங்கள். ஆனால் மாஸ்டரில் வேறு படங்கள் இருந்தால் அவையும் மறையும்.

கேள்வி: கூகுள் ஸ்லைட்ஸில் இதெல்லாம் உண்டா?

உண்டு. ஸ்லைடு மெனுவில் 'எடிட் தீம்' பாருங்கள். கதை அதேதான்.

கேள்வி: இரண்டு பத்தி லேஅவுட்டை ஒரு பத்தியாக மாற்றினேன். இரண்டாவது பெட்டி போகமாட்டேன் என்கிறதே?

அதற்குள் எழுத்து இருக்கிறதல்லவா, நீங்கள் எழுதியதை மென்பொருள் தானாக அழிக்காது. வேண்டியதை முதல் பெட்டிக்கு மாற்றிவிட்டு, மிச்சப் பெட்டியை நீங்களே நீக்குங்கள். காலிப் பெட்டியாக இருந்திருந்தால் லேஅவுட் மாறும்போதே காணாமல் போயிருக்கும்.