விண்வெளியில் திசையும் தொலைவும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பூமியின் ஈர்ப்பு எட்டாத உயரத்தில் இருப்பதால்தான் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் இருப்பவர்கள் மிதக்கிறார்களா? (பள்ளி மாணவி, கோவில்பட்டி)

பதில்: இல்லை. அந்த நிலையம் ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில்தான் சுற்றிவருகிறது. ஈர்ப்பைப் புவியின் மையத்திலிருந்துதான் கணக்கிட வேண்டும். தரையில் நிற்கும் நாம் அந்த மையத்திலிருந்து 6,370 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறோம், அவர்கள் 6,770 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறார்கள், அவ்வளவே வேறுபாடு. எனவே நம் மேல் செயல்படும் ஈர்ப்பில் சுமார் 89 சதவீதம் அவர்கள் மேலும் செயல்படுகிறது. நிலையமும் அதனுள் இருக்கும் மனிதர்களும் பொருள்களும் எல்லாம் சேர்ந்து ஓயாமல் விழுந்துகொண்டிருப்பதே மிதப்பதற்குக் காரணம். ஒரே ஒரு நொடியை எடுத்துப் பாருங்கள்: அந்த நொடியில் நிலையம் 7.6 கிலோமீட்டருக்குச் சற்று மேல் முன்னே பாய்கிறது. அதற்குள் புவியை நோக்கி ஏறத்தாழ 4.3 மீட்டர் விழுகிறது. அதே தூரத்துக்குள் பூமியும் அதே அளவு வளைந்து விலகிவிடுவதால் உயரம் குறைவதில்லை. ஈர்ப்பு இல்லாமல் போனால் நிலையம் நேர்கோட்டில் பறந்து போய்விடும். பூமியைச் சுற்றவே சுற்றாது.

கேள்வி: மேல், கீழ், வடக்கு, தெற்கு எதுவும் இல்லாத இடத்தில் விண்கலம் எப்படித் திசை அறிந்து போகிறது? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: இதில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன, இரண்டையும் பிரித்துப் பார்ப்பது நல்லது. கலத்தின் முகம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது முதலாவது. அதற்கு விண்மீன்கள் போதும். கலத்தில் பொருத்தப்பட்ட கேமரா போன்ற ஸ்டார் சென்சார், தன் பார்வைக்குள் வரும் விண்மீன்களைப் படம் எடுத்து, கணினியில் உள்ள விண்மீன் பட்டியலோடு ஒப்பிட்டுத் திசையைச் சொல்லிவிடும். அந்தப் பட்டியலுக்கும் ஓர் ஆதாரம் வேண்டுமல்லவா? 1998 முதல் வானியலாளர்கள், பல நூறு கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் இருப்பதால் அசைவே தென்படாத குவேசார்களை (மிகத் தொலைவிலுள்ள விண்மீன் மண்டலங்களின் பேரொளி வீசும் மையங்களை) வைத்துத் திசைகளை வரையறுக்கிறார்கள்.

முகம் திருப்பிய பக்கமே போய்விட முடியுமா என்பதுதான் இரண்டாவது, கடினமான கேள்வி. 1965 ஜூன் 3 அன்று அமெரிக்காவின் ஜெமினி 4 கலத்தில் சென்ற விண்வெளி வீரர் ஜேம்ஸ் மெக்டிவிட், தம்மை ஏற்றிவந்த ராக்கெட்டின் கழன்ற பகுதியை நெருங்க முயன்றார். அதை நோக்கிக் கலத்தைத் திருப்பி உந்துவிசை கொடுத்தார். தரையில் வண்டி ஓட்டும் எவரும் அதைத்தான் செய்வார்கள். ஆனால் இடைவெளி குறைவதற்குப் பதில் கூடியது. எரிபொருள் கணிசமாகக் கரைந்ததும் முயற்சி கைவிடப்பட்டது. காரணம் ஈர்ப்புதான். முன்னோக்கி உந்தினால் வேகம் கூடிக் கலம் உயர்ந்த சுற்றுப்பாதைக்கு ஏறும். உயர்ந்த பாதையின் சுற்றளவு அதிகம், அதில் செல்லும் வேகமோ குறைவு. எனவே கலம் பின்தங்கும். முன்னால் போவதைப் பிடிக்க வேண்டுமானால் முதலில் வேகத்தைக் குறைத்துத் தாழ்ந்த பாதைக்கு இறங்கி, அங்கே விரைவாகச் சுற்றி இடைவெளியை மூடிய பிறகு மேலே ஏற வேண்டும். அதே ஆண்டு டிசம்பரில் ஜெமினி 6ஏ இந்தக் கணக்கைப் பின்பற்றி ஜெமினி 7-க்குச் சுமார் 30 சென்டிமீட்டர் அருகில் போய் நின்றது. விண்வெளிப் பயண வரலாற்றில் நிலவில் இறங்கியதற்கு அடுத்தபடியாக நான் மதிப்பது இந்தச் சந்திப்பைத்தான். இது கைகூடாமல் நிலவுப் பயணமே நடந்திருக்காது.

கேள்வி: நிலவு 3,84,400 கிலோமீட்டர் தொலைவில்தானே இருக்கிறது? அப்பல்லோ 11 நான்கு நாளில் இறங்கிய நிலவுக்குச் சந்திரயான்-3 போய்ச் சேர 40 நாள் ஆனது ஏன்? (கல்லூரி ஆசிரியர், சேலம்)

பதில்: விண்வெளியில் ஓர் இடம் கிட்டவா எட்டவா என்பதைக் கிலோமீட்டர் சொல்வதில்லை, அங்கே போக வேகத்தை எவ்வளவு மாற்ற வேண்டும் என்பதே சொல்கிறது. தரையிலிருந்து 400 கிலோமீட்டர் உயரச் சுற்றுப்பாதையை அடைய, இழப்புகளையும் சேர்த்து, நொடிக்கு 9 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தை ராக்கெட் தர வேண்டும். அங்கிருந்து நிலவை எட்டுவதற்குக் கூடுதலாக நொடிக்கு 3 கிலோமீட்டர் அளவே போதும். அப்பல்லோ 11-ஐ ஏவிய, ஏறத்தாழ 2,900 டன் எடையுள்ள சாட்டர்ன் 5 ராக்கெட் இரண்டையும் தானே செய்து முடித்தது. நம் எல்விஎம்3 ராக்கெட்டின் எடை சுமார் 640 டன். 2023 ஜூலை 14 அன்று அது சந்திரயான்-3ஐ ஒரு நீள்வட்டப் பாதையில் விட்டது. மீதி வேகத்தைக் கலத்தின் சிறிய எஞ்சினே தவணை தவணையாகச் சேர்த்தது. ஒவ்வொரு சுற்றிலும் கலம் பூமியை மிக நெருங்கி அதிவேகமாகப் பாயும் வேளையில் உந்தினால், அதே எரிபொருளுக்கு அதிக ஆற்றல் கிடைக்கும். அதற்காகவே அந்தக் காத்திருப்பு. ஆகஸ்ட் 5 அன்று நிலவின் சுற்றுப்பாதைக்குள் நுழைந்து, பாதையைப் படிப்படியாகச் சுருக்கி, 23 அன்று தரையிறங்கியது.

இதே கணக்கில் பார்த்தால் சூரியன் நமக்கு மிகத் தொலைவானது. பூமி சூரியனை நொடிக்குச் சுமார் 30 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுகிறது. நேரே சூரியனுக்குள் விழ அந்த வேகம் முழுவதையும் இழக்க வேண்டும், சூரியக் குடும்பத்தை விட்டே வெளியேற அதோடு 12 கிலோமீட்டர் கூடினால் போதும். 2018 ஆகஸ்டில் ஏவப்பட்ட நாசாவின் சூரிய ஆய்வுக் கலமான பார்க்கர், வெள்ளிக் கோளை ஏழு முறை நெருங்கிக் கடந்து வேகத்தைக் குறைத்துக்கொண்ட பிறகுதான், 2024 டிசம்பர் 24 அன்று சூரியப் பரப்பிலிருந்து 61 லட்சம் கிலோமீட்டர் வரை போக முடிந்தது.