கேளுங்கள், சொல்கிறேன்: முதலில் வந்தது யார்?

கே: பிரெஞ்சுக்காரர்கள் 400 வருஷத்துக்கு முன்னால் யாரிடமும் விசா வாங்காமல் கனடாவில் போய் உட்கார்ந்தார்கள். இன்றைக்கு அங்கே பிரெஞ்சு பேசுகிற கியூபெக் மாகாணத்தில் குடியேறிகள் அதிகமாகிவிட்டார்கள் என்று சண்டை. 'நீயே வந்தேறிதானே' என்று திருப்பிக் கேட்டால் போதாதா?
– கல்லூரி மாணவர், தண்டையார்பேட்டை

ப: கேட்கலாம், வாயை அடைக்க உதவும். ஆனால் எனக்கு அந்தப் பதில் பிடிப்பதில்லை தம்பி, பிழைக்க வந்தவனையும் பிடித்துக்கொள்ள வந்தவனையும் அது ஒரே தட்டில் வைக்கிறது.

ஜாக் கார்த்தியே என்ற பிரெஞ்சு மாலுமி 1535-ல் செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் ஏறிப்போய், இன்றைக்கு கியூபெக் நகரம் இருக்கிற இடத்தில், ஸ்டாடகோனா என்ற பூர்வகுடி ஊருக்குப் பக்கத்தில் குளிர்காலத்தைக் கழித்தார். ஆறு உறைந்து கப்பல்கள் மாட்டிக்கொண்டன, ஈறு அழுகி, பல் ஆடி, கால் வீங்கி ஆட்கள் சாக ஆரம்பித்தார்கள், சுமார் 110 பேரில் 25 பேர் போய்விட்டார்கள். மிச்சப் பேரைப் பிழைக்க வைத்தது அந்த ஊர்த் தலைவர் தொன்னகோனாவின் மகன் தொமகாயா. 'அன்னெத்தா' என்ற மரத்தின் இலையையும் பட்டையையும் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல்லிக் கொடுத்தார், நம் வீட்டில் கஷாயம் வைக்கிற மாதிரிதான். படுத்துக்கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். பனி உருகியதும், 1536-ல், கார்த்தியே அந்தத் தலைவரையும் தொமகாயாவையும் இன்னும் சிலரையும் பிடித்துக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார். தொன்னகோனா பிரான்சிலேயே செத்துப்போனார். இதை எப்போது படித்தாலும் எனக்கு வயிறு எரியும்.

அப்புறம் 1608-ல், கியூபெக் நகரத்தை நிறுவிய பிரெஞ்சுக்காரர் ஷாம்ப்ளேன் 28 பேரோடு முதல் குளிர்காலத்தைக் கழித்தார், மிஞ்சியது 8 பேர். 1663-லிருந்து பத்து வருஷத்தில் பிரான்ஸ் ராஜா தன் செலவில் சுமார் 800 பெண்களைக் கல்யாணம் செய்துகொள்ள அனுப்பிவைத்தார். கஷ்டப்பட்டுத்தான் குடியேறினார்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் கூடவே தங்கள் ராஜாவையும் சட்டத்தையும் பீரங்கியையும் கொண்டுபோனார்கள். இன்றைக்குக் கியூபெக்கின் மான்ட்ரியாலுக்குப் போகிறவர் ஃபாரம் நிரப்பி, வரிசையில் நின்று, அந்த ஊர்ச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டுத்தான் உள்ளே நுழைகிறார், 1977-ல் வந்த மொழிச் சட்டப்படி பிள்ளையைப் பிரெஞ்சுப் பள்ளியில் சேர்க்கிறார். 'பூர்வகுடிகளுக்கு ஆன கதி நமக்கும் ஆகும், கதவை மூடு' என்று பேசுகிறவர்கள் இந்த வித்தியாசத்தை வேண்டுமென்றே மறைக்கிறார்கள். மற்றபடி, சுற்றிலும் ஆங்கிலம் இருக்க நடுவில் நம் மொழி அழிந்துவிடுமோ என்கிற கியூபெக்காரர்களின் பயம் உண்மையானது, 1965-ஐப் பார்த்த தமிழ்நாட்டுக்காரர்கள் அதைக் கேலி செய்ய முடியாது.

கே: பிரான்சில் பிறந்த பிள்ளைக்குக்கூடக் குடியுரிமை தரக்கூடாது என்கிறார்களாமே? அதில் நமக்கு என்ன சம்பந்தம்?
– வாசகி, ராயபுரம்

ப: நிறையவே இருக்கிறது அம்மா. வெளிநாட்டவருக்கு அங்கே பிறக்கும் பிள்ளைகளுக்கு வயது வந்ததும் தானாகக் கிடைக்கிற குடியுரிமையை, கேட்டால்தான் தருவோம் என்று மாற்ற 2023 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் சட்டம் போட்டார்கள். அந்தப் பிரிவை 2024 ஜனவரியில் அரசியலமைப்பு மன்றம் நீக்கியது, அதுவும் அந்தப் பிரிவைச் சட்டத்தில் சேர்த்த முறை சரியில்லை என்று சொல்லித்தான், அதனால் பேச்சு ஓயவில்லை.

இதே வழக்கை நம் ஆட்கள் நூறு வருஷத்துக்கு முன்பே நடத்தியிருக்கிறார்கள். 1848-ல் அடிமை முறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டும் என்று புதுச்சேரி, காரைக்காலிலிருந்து தமிழர்களை கரீபியக் கடலில் பிரான்சின் கையில் இருந்த மார்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்குக் கப்பலில் கொண்டுபோனார்கள். கரும்பு வெட்ட வேண்டியவர்களாக இருந்தவர்கள், ஓட்டு என்று வந்ததும் அந்நியர்களாகிவிட்டார்கள். குவாதலூப்பில் பிறந்த ஹென்றி சிதம்பரம் 1904-ல் அதை எதிர்த்துக் கிளம்பி, 1923-ல்தான் ஜெயித்தார். 19 வருஷம்!

கே: நம் வடசென்னையில் பிரெஞ்சுக்காரர்களின் தடயம் ஏதாவது உண்டா?
– ஆட்டோ ஓட்டுநர், கொருக்குப்பேட்டை

ப: பாரிமுனையில் டேர் ஹவுஸ் ஓரமாக நிற்கிற பழைய எல்லைக்கல்லைப் பாருங்கள், 1773-ல் நட்டது. 1746-ல் பிரெஞ்சுப் படை சென்னையைப் பிடித்தபோது கோட்டைக்கு வடக்கே ஒட்டியிருந்த நம்மவர் வீடுகளில் ஒரு பகுதியை இடித்தார்கள், மீதியைப் பிற்பாடு இங்கிலீஷ்காரர்களே இடித்தார்கள். ஹைகோர்ட் நிற்பது அந்தப் பழைய ஊர் மேல்தான். இந்தக் கல்லுக்குக் கோட்டைப் பக்கம் வீடு கட்டக்கூடாது என்றார்கள், ஜனங்கள் வடக்கே தள்ளிப்போனார்கள்.

கே: என் அப்பா பர்மாவிலிருந்து அகதியாக வந்தவர். இப்போது எங்கள் தெருவில் ஒடிசா, பீகார் பையன்கள். அவர்களைத் துரத்த வேண்டும் என்கிறான் என் மகன். நான் என்ன சொல்ல?
– வாசகி, வியாசர்பாடி

ப: முதலில் தாத்தா கதையை முழுசாகச் சொல்லுங்கள், சொத்தை அங்கேயே விட்டுவிட்டுக் கப்பலில் வந்து இறங்கியதையும், இங்கே இருந்தவர்கள் இவர்களை எப்படிப் பேசினார்கள் என்பதையும். பர்மா பஜார் பக்கம் நின்று அத்தோ சாப்பிடும்போது அது வெளியூர்ச் சாப்பாடு என்று அவனுக்குத் தோன்றுகிறதா என்று கேளுங்கள்.

அவன் கோபத்தில் ஒரு நியாயம் இருக்கலாம். ஆள் மலிவாகக் கிடைத்தால் உள்ளூர்ப் பையனின் கூலி இறங்கும், சரி. ஆனால் கூலியை இறக்குவது அந்த பீகார் பையன் இல்லை, ஒரு ரூமில் பத்துப் பேரைப் போட்டு, பாதிக் கூலியைத் தன் பையில் போட்டுக்கொள்கிற மேஸ்திரி. சண்டை போட வேண்டுமானால் அந்த ஆளோடு போடட்டும், இருவருக்கும் ஒரே கூலி என்று கேட்கட்டும். அந்தப் பையன்களில் ஒருவன் பெயராவது உங்கள் மகனுக்குத் தெரியுமா?